பையனுக்குச் சாவு, படுகொலைக்காரனுக்குப் புகழ்!

"இயந்திரத்தில் ஏறி வானத்தில் சண்டை போடும் சின்னப்பிள்ளைக் கதை. இதில் வர்க்கம் எங்கே வந்தது?" என்று சில மேதாவிகள் நம்மைக் கேலி செய்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானில் சன்ரைஸ் நிறுவனம் தயாரித்த 'கன்டம்: இரும்புக் குருதி அநாதைகள்' என்ற சித்திரத் தொடரைத்தான் சொல்கிறோம். நாகாய் தட்சுயுகி இயக்க, ஒகாடா மாரி எழுத, 2015 அக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை இரண்டு பருவங்களில் 50 பகுதிகள் ஒளிபரப்பாயின. அதன் நாயகன் மிகசுகி என்ற சிறுவன். தாய் தகப்பன் இல்லை. எழுத்துத் தெரியாது. ஊர் செவ்வாய்க் கிரகம்.

கதையில் செவ்வாய் ஒரு குடியேற்ற நாடு. பூமியின் நான்கு வல்லரசுக் கூட்டணிகள் அதன் உலோகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. செவ்வாய் மக்களுக்கு மிஞ்சுவது பசி. அந்தப் பசியை மூலதனமாக வைத்து ஒரு காவல் கம்பெனி நடக்கிறது. கூலிக்கு வரும் சிறுவர்களின் முதுகெலும்பில் கருவி புதைக்கிறார்கள். போர் இயந்திரத்தையும் பையனின் நரம்பையும் ஒன்றாகப் பூட்டும் கருவி அது. வளரும் பிள்ளையின் உடம்பில்தான் அது வேர் பிடிக்கும். சிகிச்சை தவறினால் பையன் முடமாகிக் கிடக்க வேண்டியதுதான். இந்தக் கொடுமைக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? பௌத்த தத்துவத்திலிருந்து எடுத்த 'ஆலய விஞ்ஞானம்'! கொடுமைக்குப் புனிதமான பெயர் சூட்டுவது சுரண்டுகிறவனின் பழைய வழக்கம்.

இவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் உண்டு. விலைக்கு வாங்கி விற்கப்படும் பிள்ளைகள். 'மனிதக் கழிவு' என்று அவர்களுக்குப் பெயர். பழைய இரும்பு விலைதான் அவர்கள் விலை!

எதிரி தாக்கியபோது கம்பெனியின் பெரியவர்கள் பையன்களைப் பலிக்கு விட்டுவிட்டு ஓடினார்கள். பிழைத்த பையன்கள் கம்பெனியையே கைப்பற்றினார்கள். மின்சாரம் எடுப்பதற்காகக் கிடந்த பழைய போர் இயந்திரத்தில் மிகசுகி ஏறினான். வென்றான். ஒவ்வொரு பெரிய வெற்றிக்கும் உடம்பால் விலை கொடுத்தான். முதல் பருவத்தின் முடிவில் வலது கையும் வலது கண்ணும் போயின. பிறகு வலது காலும் போயிற்று. இயந்திரத்தோடு பூட்டினால் மட்டுமே அந்த உறுப்புகளுக்கு உயிர் வரும். ஆலையில் கை கால் இழந்தவனைக் கண்ட தொழிலாளிக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

அவனுடைய ஆசை என்ன? அரியாசனமா? இல்லை. ஒரு விவசாயப் பண்ணை. தெரிந்த பாட்டியின் சோளக் கொல்லையில் வேலை செய்தபடியே அந்தக் கனவைக் காண்கிறான். அந்தச் சோளமோ எரிபொருள் தயாரிப்புக்கு அடிமாட்டு விலையில் போகிறது. விளைவிக்கிறவன் கேட்கும் விலை இல்லை. வாங்குகிறவன் வைக்கும் விலை. விவசாயத் தொழிலாளி இதை வானத்துக் கதை என்று சொல்வானா?

டார்ட் என்ற விண்வெளித் தொழில் நகரத்தில் தொழிலாளர்கள் உரிமை கேட்டு எழுகிறார்கள். அவர்கள் கைக்கு ஆயுதம் போய்ச் சேரும்படி செய்கிறார்கள். குண்டு வெடிக்கச் செய்து பழியை அவர்கள் மேல் போடுகிறார்கள். அதையே சாக்காக்கி 'அமைதிப் படை' சுட்டுத் தள்ளுகிறது. ஒரு பெண் அந்த உண்மையைப் பூமி முழுவதற்கும் ஒலிபரப்பிய பிறகே துப்பாக்கி ஓய்கிறது. இந்தப் பகுதிகளை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் முடிவு? அங்கேதான் நம் சண்டை!

பையன்களின் தலைவன் ஓர்கா, 'செவ்வாயின் அரசன்' ஆகலாம் என்று ஒரு பிரபு காட்டிய ஆசையில் குறுக்கு வழியில் இறங்குகிறான். செவ்வாயின் உழைப்பாளிகளைத் திரட்டவில்லை. பிரபுக்களின் பங்காளிச் சண்டையில் ஒரு பக்கம் சேர்கிறான். வீதியில் சுடப்பட்டுச் சாகிறான். "அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று அவனையே கேட்டு நடந்த மிகசுகியும் கடைசிப் பகுதியில் மடிகிறான். ஸ்தாபனம் இல்லாத வீரம் இப்படித்தான் முடியும். இதைக் காட்டியதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

தடை செய்யப்பட்ட ஆயுதத்தை விண்ணிலிருந்து ஏவி அந்தப் பையனை வீழ்த்திய ரஸ்டல் என்ற தளபதி இருக்கிறானே, அவனே பிறகு ஜனநாயகச் சீர்திருத்தம் செய்கிறான்! மனிதக் கழிவு முறையை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் அவனே கையெழுத்திடுகிறான்! கலகம் செய்தவன் மண்ணுக்குள். கொன்றவன் சரித்திர புருஷன். "பொறுத்திருங்கள், மேலே இருப்பவர்களுக்கு மனம் இளகும்" என்பதுதானே இந்தப் போதனை?

நாம் கேட்கிறோம்: எந்த நாட்டில் அப்படி இளகியது? 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நூற்பாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1833-ல் சட்டம் வந்தது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847-ல் வந்தது. ஆலை முதலாளிகள் மனம் இளகியா கொடுத்தார்கள்? லங்காஷயரிலும் யார்க்‌ஷயரிலும் தொழிலாளர்கள் குழு அமைத்து, ஊர்வலம் போய், வருஷக்கணக்கில் போராடி வாங்கியவை அவை. கையெழுத்துப் போட்ட கையை மட்டும் காட்டி, போட வைத்த கைகளை மறைப்பது சரித்திரத் திருட்டு.

இன்னொன்று. பையன்களை உதிரிப் பாகமாக விற்பது பாவம் என்று சொல்லும் இந்தக் கதையே, பண்டாய் கம்பெனியின் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு விளம்பரமாகவும் ஓடியது. பையன் செத்தான், அவன் ஏறிய இயந்திரம் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தது!

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் தடுக்காதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: செவ்வாயின் சுரங்கக் கூலிகளும், டார்ட் தொழிலாளிகளும், சோளக் கொல்லைப் பாட்டியும் அந்தப் பையனோடு ஒரே கொடியின் கீழ் நின்றிருந்தால், அவன் சாக வேண்டியிருந்திருக்குமா?

பதிலைப் பிள்ளைகளே சொல்வார்கள்.