மனுஷங்க வாராக்கடன் இல்லைங்க!

நான் படிக்கிறது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. அப்புறம் உனக்கெதுக்குடா இந்த வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒரு தோழி. பத்தாவதுல இருந்து டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சா. பிளஸ் டூ முடியறப்போ ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குச்சு. வீட்டுல "திமிரு"ன்னாங்க. பாட்டி மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. கடைசியா ஒரு டாக்டர். சத்து மாத்திரை, கூட இன்னொரு மாத்திரை, ரெண்டு தடவை அட்வைஸ். ஒண்ணும் நடக்கலை. "இந்தப் பொண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு பைலை மூடிட்டாங்க.

அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வெச்சுது.

எங்க பாடத்துல வாராக்கடன்னு ஒண்ணு வரும். வராதுன்னு முடிவு பண்ணி எழுதித் தள்ளிடுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஆடிட்டர் கேட்பார்: நோட்டீஸ் விட்டீங்களா? தவணையை மாத்திக் குடுத்துப் பார்த்தீங்களா? "சிகிச்சைக்கு மசியாத கேஸ்"னு ஒரு மனுஷியைப் பத்தி எழுதறப்போ மட்டும் அந்தக் கேள்வியை யாருமே கேட்கறதில்லை. என்ன சிகிச்சை, எத்தனை நாள், எதோட சேர்த்துக் குடுத்தீங்க? இதுக்குப் பதில் இல்லாம கேஸை மூடறது என்னைப் பொறுத்தவரை கணக்குல மோசடி.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டுமில்லை. 2022-ல அமெரிக்க டாக்டர்கள் சிலர், அனோரெக்சியாவுல "இறுதிக்கட்டம்"னு ஒரு வகையே வைக்கலாம்னு கட்டுரை எழுதினாங்க. 30 வயசு தாண்டியிருக்கணும், நல்ல சிகிச்சை எல்லாம் பார்த்திருக்கணும்னு நிபந்தனையும் போட்டாங்க. அவங்க நோக்கம் இரக்கம்தான், ஒத்துக்கறேன். இருபது வருஷமா அவஸ்தைப்படறவங்க "போதும்"னு சொன்னா அதைக் காது குடுத்துக் கேட்கத்தான் வேணும். ஆனா "இனிமே தேறாது"ன்னு முன்கூட்டியே சொல்ல யாரால முடியும்?

பாஸ்டன் பக்கம் ஒரு ஆராய்ச்சி, 2017-ல வெளியாச்சு. அனோரெக்சியா வந்த பெண்களை 20 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்திருக்காங்க. 9 வருஷ முடிவுல குணமானவங்க சுமார் 31 சதவீதம். 22 வருஷ முடிவுல சுமார் 63 சதவீதம்! ஒன்பதாவது வருஷம் கணக்கை மூடியிருந்தா, அப்புறம் தேறின அத்தனை பேரும் வாராக்கடன். எந்த பேங்க் இப்படி எழுதித் தள்ளும், சொல்லுங்க?

சரி, புது சிகிச்சைகளுக்கு வருவோம். இங்கே ரெண்டு கோஷ்டி. "எல்லாம் டுபாக்கூர்"னு ஒண்ணு, "மந்திர மருந்து வந்தாச்சு"ன்னு இன்னொண்ணு. ரெண்டு பேருக்கும் ரெண்டு உதாரணம்.

ஒலான்சபின்னு ஒரு மாத்திரை. 2019-ல 152 பேரை வெச்சு நடந்த ஆய்வுல வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களை விட இவங்களுக்குக் கொஞ்சம் எடை ஏறுச்சு. ஆனா சாப்பாடு, உடம்பு பத்தி மனசை அரிக்கிற எண்ணம் குறையலை. அடுத்தது சைலோசைபின், ஒரு வகைக் காளான்ல இருக்கற பொருள். 2023-ல சான் டியாகோவில் 10 பெண்களுக்கு ஒரே ஒரு தடவை, மனநல ஆலோசனையோட சேர்த்துக் குடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு நாலு பேருக்கு அந்த எண்ணங்கள் நல்லாவே குறைஞ்சிருந்தது. ஆனா எடை பெருசா மாறலை.

ஒண்ணு உடம்பைத் தொடுது, இன்னொண்ணு மனசைத் தொடுது. பத்து பேர் ரொம்பச் சின்ன கணக்கு, அதை வெச்சு கடை விரிக்கக் கூடாது. ஆனா எதுவுமே தனியா நின்னு ஜெயிக்காதுங்கறது நல்லாத் தெரியுது.

ஏன்னு புரியணும்னா 1944-45ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ் நடத்தின சோதனையைப் பாருங்க. ஆரோக்கியமான 36 ஆம்பளைங்களை மாசக்கணக்கா அரைப் பட்டினி போட்டாங்க. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, யார்கிட்டயும் ஒட்டாம ஒதுங்கிப் போறது... சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சவங்க கூட உண்டு. பட்டினியே மூளையை இப்படிப் பண்ணும்னா, வயித்துல சோறு இல்லாம பேச்சு வைத்தியம் எப்படி ஏறும்? சோறு மட்டும் போட்டு அனுப்பினா பயம் எப்படிப் போகும்? சோறு முதல்ல, அது கூடவே மத்ததெல்லாம்.

இன்னிக்கு "பழைய முறை"ன்னு சொல்றதும் ஒரு காலத்துல புதுசுதான். பிள்ளையைப் பெத்தவங்ககிட்டேயிருந்து பிரிச்சு வைக்கணும்னு டாக்டர்கள் சொன்ன காலம் இருந்துச்சு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை தலைகீழா யோசிச்சுது. பெத்தவங்களையே சிகிச்சைக்குள்ள கொண்டுவந்தாங்க. சின்ன வயசுல நோய் வந்து, மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு அது நல்லா வேலை செய்யுதுன்னு 1987-ல காட்டினாங்க. அதே மாட்ஸ்லியில இப்போ ஆட்டிசமும் சேர்ந்து இருக்கறவங்களுக்குத் தனி வழி: வாசனை, காரம் அதிகமில்லாத மெனு, கண்ணை உறுத்தாத அறை. அவங்க ஆஸ்பத்திரியில தங்கற நாளும் செலவும் குறைஞ்சுதுன்னு கணக்கே காட்டியிருக்காங்க. "ஒத்துழைக்காத கேஸ்"னு பேர் வாங்கினவங்களுக்கு வேணுங்கறது சில சமயம் வேற தட்டு, அவ்ளோதான்!

"இதுக்கெல்லாம் யார் காசு குடுப்பா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்கு என்ன இன்ஷூரன்ஸோ அதேதான் மனநோய்க்கும் தரணும். பாலிசி எடுக்கறப்போ அந்தப் பக்கத்தையும் படிச்சுப் பாருங்க.

நான் கேட்கறது மூணுதான். ஒருத்தரை "மசியாதவர்"னு எழுதறதுக்கு முன்னாடி, என்னென்ன சேர்த்துச் செஞ்சோம்னு பட்டியல் எழுதுங்க. புது முறையை ஏற்கனவே நடக்கற சிகிச்சையோட இணைச்சு, பலனை அளந்து, வெளிப்படையா சொல்லுங்க. விட்டுட்டுப் போனவங்களுக்குக் கதவைத் திறந்தே வைங்க.

தோழி போன மாசம் போன் பண்ணினா. வேற இடத்துல, வேற டாக்டர்கிட்ட போறாளாம். சாப்பாட்டு அட்டவணை இருக்காம், வாரம் ஒரு நாள் பேச்சு, அம்மாவும் கூட உட்கார்றாங்களாம். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா யாரும் பைலை மூடலை"ன்னா.

அவ கணக்கு இன்னும் ஓப்பன்லதாங்க இருக்கு.