விழாமல் நிற்கும் வண்டியும் ஆடாத படமும்

நடந்துகொண்டே எடுக்கும் படம் ஆடுவதற்குக் கை நடுக்கத்தைவிடக் காலே பெரிய காரணம். ஒவ்வோர் அடியிலும் உடம்பு சற்று இறங்கி ஏறுகிறது. பார்வையை மூளை நொடிக்கு நொடி சரிசெய்துவிடுவதால் நடப்பவருக்கு அது தெரிவதில்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் சினிமாவில் தண்டவாளம் போட்டு டிராலியை உருட்டினார்கள். ஆனால், தண்டவாளம் போட ஆளும் நேரமும் வேண்டும். போட்ட தண்டவாளம் படத்துக்குள் தெரியவும் கூடாது. செக்வே போன்ற, இரு சக்கரங்களில் தானாகவே சமநிலை காக்கும் வண்டியில் ஒளிப்பதிவாளரை ஏற்றி ஓடவிடும் முறை இந்தத் தொல்லைக்குப் பிறந்த விடைகளில் ஒன்று.

இதில் இரண்டு தனித்தனிக் கருவிகள் சேர்கின்றன. மூத்தது ஸ்டெடிகேம். அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரவுன் 1970களில் உருவாக்கிய இந்தக் கருவி 1976இல் ‘பவுண்ட் ஃபார் குளோரி’, ‘ராக்கி’ ஆகிய படங்களில் வெளிச்சத்துக்கு வந்தது. உடம்போடு இறுக்கிக் கட்டும் ஒரு கவசச் சட்டை, அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, அந்தக் கை தாங்கும் ஒரு செங்குத்துத் தண்டு என்று மூன்று பகுதிகள். தண்டின் உச்சியில் கேமராவும் அடியில் மானிட்டரும் பேட்டரியும் இருக்கும். எடை மேலும் கீழும் இப்படிப் பிரிந்து நிற்பதால் தண்டு சட்டென்று திரும்பாது, சாயாது. உடம்பின் குலுக்கலை ஸ்பிரிங் விழுங்கிக்கொள்ளும். கரகாட்டக்காரரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: கால் எவ்வளவு வேகமாக அடவு போட்டாலும் இடுப்பும் கழுத்தும் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள, தலைமேல் கரகம் அசையாமல் நிற்கிறது. ஸ்டெடிகேம் இயக்குபவரின் வேலையும் அதே வகைதான். கரகம் தலையில் இல்லாமல் உடம்புக்கு முன்னால் தொங்குகிறது, அவ்வளவே.

அந்த எடையோடு ஒருவர் எவ்வளவு நேரம் ஓட முடியும்? இருபது, முப்பது கிலோவைக் கட்டிக்கொண்டு ஓடினால் மூன்றாவது டேக்கிலேயே மூச்சு வாங்கும். வேகம் கூடக்கூடக் காலடியின் அதிர்ச்சி ஸ்பிரிங் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். அதனால் ஸ்டெடிகேமைச் சக்கரத்தில் ஏற்றும் எண்ணம் அந்தக் கருவி வந்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. 1980இல் வெளியான ‘தி ஷைனிங்’ படத்தில் சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டலின் நடைபாதைகளைச் சுற்றிவரும் காட்சிகளுக்காக, பிரவுன் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, பின்னாலிருந்து அதைத் தள்ளினார்கள். கேமரா சிறுவனின் உயரத்துக்கு இறங்கியது, வேகமும் கிடைத்தது. இன்று செக்வே செய்வது இதையேதான். தள்ளும் ஆள் மட்டும் இல்லை.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய செக்வேயின் தத்துவம், உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டுவைத்து விளையாடும் பிள்ளைக்குத் தெரிந்ததுதான். விளக்குமாறு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் அது விழாது. வண்டியின் அடியில் உள்ள கைரோ சென்சார்கள், ஏறி நிற்பவர் எவ்வளவு சாய்கிறார் என்பதை நொடிக்கு நூறு முறை அளக்கின்றன. மோட்டார்கள் சக்கரங்களை அந்தப் பக்கம் நகர்த்தி அவருக்கு அடியில் கொண்டுவருகின்றன. முன்னால் சாய்ந்தால் வண்டி ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். தனி பிரேக் கிடையாது. இரண்டு சக்கரங்களும் எதிரெதிராகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே முழு வட்டம் அடிக்கும். உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். பிறகு வந்த ஐ2 மாதிரியின் அகலம் 63 சென்டிமீட்டர்தான்; ஆள் நுழையும் கதவில் அதுவும் நுழையும். மின்மோட்டார் என்பதால் சத்தமும் குறைவு. படப்பிடிப்புக்காகவே செய்த வண்டி போல இருக்கிறது. ஆனால், சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

செக்வே காப்பது ஏறி நிற்பவரின் சமநிலையை மட்டுமே. கேமராவின் சமநிலை அதன் கணக்கில் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வண்டியை வாங்குபவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். வண்டிக்குத் தெரிந்த ஒரே மொழி எடை எந்தப் பக்கம் போகிறது என்பது. ஸ்டெடிகேம் கட்டியவரின் எடையோ எப்போதும் முன்னால் தொங்குகிறது. திருமணத்தில் மணப்பெண்ணின் முகத்தை நெருங்க அவர் ஸ்பிரிங் கையை ஓர் அடி முன்னால் நீட்டினால், வண்டி அதைப் ‘போ’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு தானும் முன்னால் நகரும். கேமராவை இடப்பக்கம் கொண்டுபோனால், அதை ஈடுகட்ட இடுப்பு வலப்பக்கம் போகும். ஆகவே இதில் தேர்ந்தவர்கள் தண்டை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள். கேமராவை நகர்த்த வேண்டிய இடத்தில் வண்டியையே நகர்த்துகிறார்கள். இந்தப் பழக்கம் உடம்பில் படிய நாளாகும். பயிற்சியைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்த சிக்கல் கை. செக்வேயைத் திருப்ப அதன் கைப்பிடித் தண்டைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். ஸ்டெடிகேமுக்கோ இரண்டு கையும் வேண்டும்: ஒன்று ஸ்பிரிங் கையைத் தாங்க, மற்றது கேமராவைத் திருப்ப. அதனால் நீண்ட கைப்பிடியைக் கழற்றிவிட்டு, முழங்காலாலோ தொடையாலோ திருப்பும்படி குட்டையான தண்டுகளைப் பொருத்தினார்கள். 2015இல் வந்த நைன்பாட் மினி என்ற இதே வகைச் சிறு வண்டி, ஆலையிலிருந்தே முழங்கால் தண்டோடு வந்தது. விலை அப்போது சீனாவில் 1,999 யுவான், எடை 12.8 கிலோ, வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் ஏறக் கூடாது. அந்த மினி தாங்கும் எடை 85 கிலோ. 70 கிலோ ஆள் 25 கிலோ கருவியைக் கட்டிக்கொண்டால் 95 கிலோ. பழைய ஐ2 ஏறத்தாழ 118 கிலோ தாங்கியது. அளவை மீறினால் வண்டி உடனே உடைந்துவிடாது. சமநிலைக்காக மோட்டார் கைவசம் வைத்திருக்க வேண்டிய பலம் எடையைச் சுமப்பதிலேயே தீர்ந்துபோகும். கடைசி நொடியில் சக்கரம் ஆளுக்கு அடியில் வந்து சேராது.

மூன்றாவது சிக்கல் கண். இயக்குபவர் பார்ப்பது மானிட்டரை. தரையைப் பார்க்க யாரும் இல்லை. 2015 ஆகஸ்ட் 27 அன்று பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் உலகமே பார்த்தது இதைத்தான். 200 மீட்டர் ஓட்டத்தை 19.55 விநாடியில் வென்று ரசிகர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தார் உசைன் போல்ட். அவருக்கு இணையாகச் செக்வேயில் வந்த ஒளிப்பதிவாளரின் சக்கரம், ஓடுபாதை ஓரமாகக் கிடந்த கேமரா தண்டவாளத்தில் தட்டியது. வண்டி கவிழ்ந்தது. பின்னாலிருந்து வந்த மோதல் போல்ட்டின் காலை வாரிவிட, அவரும் விழுந்தார். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. இரண்டே நாளில் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். ஒளிப்பதிவாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். உலகின் மிக வேகமான கால்களைச் சாய்க்க ஒரு தண்டவாள விளிம்பு போதுமானதாக இருந்தது. நான்கு சக்கர வண்டி அந்தத் தடையில் குலுங்கி நின்றிருக்கும். சக்கரம் ஓடினால்தான் நிற்க முடியும் என்ற வண்டிக்கு, சக்கரம் தடைபட்டால் சாய்வதைத் தவிர வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தை இந்த வண்டியில் நின்று எடுக்கலாமா என்று கேட்டால், விடை இதிலேயே இருக்கிறது. தேர் நகரும் ரத வீதியில் வடம் தரையில் கிடக்கும், சட்டென்று இறுகி எழும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் குறுக்கே ஓடுவார்கள். தண்ணீர் தெளித்த தரை, சிதறிய தேங்காய், ஒதுங்க இடமில்லாத கூட்டம். பெய்ஜிங்கில் இருந்தது ஒரு தண்டவாளம். இங்கே அடிக்கு ஒரு தண்டவாளம். தேரோட்டத்தை மாடியிலிருந்தோ நிலையான மேடையிலிருந்தோ எடுப்பதே முறை. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்துத் தெருக்களில் வேகத்தடையும் பெயர்ந்த பேவர் பிளாக்கும் இதே வேலையைச் செய்யும். ராஜபாளையம் நாய் பாய்ந்து ஓடுவதைப் பின்தொடரவும் இந்த வண்டி ஆகாது. அந்த நாயின் ஓட்டத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் எந்த மூலைக்கு!

ஆனால், வழவழப்பான நீண்ட தளம் கிடைத்தால் இதற்கு இணை குறைவு. ராஜபாளையத்து நூற்பாலையில் இருபுறமும் கதிர்கள் சுழலும் நடைபாதையை ஒரே ஷாட்டில் கடந்துபோக, மண்டபத்து வாசலிலிருந்து மேடைவரை மணமக்களுக்கு முன்னால் போய்க்கொண்டே அவர்கள் முகத்தை எடுக்க, இந்த வண்டி உதவும். இரண்டாவது ஷாட்டில் பின்னோக்கி ஓட்டுவது தவறு. வண்டி போகும் திசையைப் பார்த்தே நின்றுகொண்டு, கேமராவை மட்டும் பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இன்று நம் ஊர்த் திருமண வீடியோக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மின்மோட்டார் கிம்பல். அது கேமரா சாய்வதையும் திரும்புவதையும் தடுக்கும். மேலும் கீழும் குதிப்பதை முழுதாகத் தடுக்காது. அதனால்தான் முழங்காலை மடக்கி, பாதம் பாதமாக உருட்டி நடக்கிறார்கள். அந்தக் குதிப்பைச் சக்கரம் எடுத்துவிடுகிறது. இரண்டு மூன்று கிலோ கிம்பலோடு ஏறினால் எடைக் கணக்கும் இடிக்காது, முன்னால் இழுக்கும் பாரமும் குறைவு. பழைய செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையில் நின்றுவிட்டது. இனி இந்த வேலைக்குப் பெரும்பாலும் முழங்கால் தண்டு வண்டிகள்தான்.

அப்படி ஒரு வண்டியை மண்டபத்துக்குள் கொண்டுபோகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பள மடிப்பை இழுத்துவிடுங்கள். மைக் ஒயரைச் சுவரோரம் தள்ளுங்கள். பன்னீர் தெளித்த இடத்தைத் துடையுங்கள். முக்கியமாக, தரையை மட்டுமே பார்க்க ஓர் ஆளை ஒளிப்பதிவாளரின் பக்கத்திலேயே நடக்கவிடுங்கள். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத படப்பிடிப்பில் வண்டியை இறக்கவே வேண்டாம்.