சேக்காட்டில் இருந்து பாரிஸ்: குரூப் டூரா, நாமே சுற்றலாமா?

சேக்காட்டில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் கணவர் ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்து ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாரிஸ் பார்க்க வேண்டும் என்பது என் சின்ன வயசு ஆசை. டிராவல்ஸில் 10 நாளில் 6 நாடு என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். அதுதான் பத்திரம் என்கிறார் கணவர். மகனோ, ‘பாரிஸ் மட்டும் போங்க, நீங்களே சுத்திப் பாருங்க, நான் புக் பண்ணித் தர்றேன்’ என்கிறான். எனக்கு முட்டி வலி. நாங்கள் சைவம். இங்கிலீஷ் புரியும், சரளமாகப் பேச வராது. பி.எஃப். பணத்தில் இருந்து எடுத்துப் போகிறோம். இரண்டாவது தடவை போக முடியாது. எது சரி?”

கடைசிக்கு முந்தைய வரிதான் முக்கியம். இன்னொரு தடவை கிடையாது என்றால், ‘எது மலிவு’ என்பதைவிட ‘எதில் மனசு நிறையும்’ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குரூப் டூர் நமக்குப் புதுசா?

ஆறுபடை வீடு, நவக்கிரகக் கோயில்கள், காசி யாத்திரை என்று சமையல்காரரோடு பஸ் ஏறிப் போனவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். வெளிநாட்டில் இதைத் தொழிலாக மாற்றியவர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து லஃபரோவுக்கு ரயிலில் கூட்டிப் போனார். 1855-ல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டிக் கடல் தாண்டியும் ஆட்களை அழைத்துச் சென்றார். பாஷை தெரியாத, முதல் தடவை வெளியூர் போகிறவர்களின் பயத்தைப் போக்கியதுதான் அவருடைய வெற்றி. இன்றைக்கும் குரூப் டூர் விற்பது அதைத்தான். அதில் தப்பு எதுவும் இல்லை.

விசா பேப்பர் வேலை, பஸ், ஹோட்டல், இந்தியச் சாப்பாடு, கூடவே வரும் டூர் மேனேஜர் எல்லாம் பேக்கேஜில் வந்துவிடும். வராத ஒன்று, நேரம்.

பயணத் திட்டத்தைப் படிக்கும் முறை

டிராவல்ஸ் கொடுக்கும் தாளைக் கையில் எடுத்து மூன்று சொற்களைத் தேடுங்கள்.

‘போட்டோ ஸ்டாப்’ என்றால் பஸ் நிற்கும், இறங்கிப் படம் எடுக்கலாம், உள்ளே போக முடியாது. ‘டிரைவ் பாஸ்ட்’ அல்லது ‘பனோரமிக் டூர்’ என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ‘என்ட்ரி இன்க்ளூடட்’ என்று இருந்தால்தான் உள்ளே போவீர்கள். பாரிஸ் என்ற தலைப்பின் கீழே இந்த மூன்றும் எத்தனை தடவை வருகின்றன என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரிய பஸ் வந்து நிற்க வசதியாக, பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே போடுவார்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு நதிக்கரையில் ஒரு நடை போகலாம் என்று நினைத்தால் நடக்காது.

டூர் மேனேஜர் காலில் சுடுதண்ணீர் கொட்டியதுபோல் எல்லாரையும் விரட்டுவதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். 10 நாளில் 6 நாடு என்றால் அந்தக் கணக்குக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். நீங்கள் லூவ்ர் வாசலில் இன்னும் பத்து நிமிடம் நிற்க ஆசைப்பட்டால், அந்தப் பத்து நிமிடம் வேறு எங்கேயோ குறையும்.

இதில்தான் முட்டி வலி விஷயமும் வருகிறது. ‘முட்டி வலி இருக்கு, அதனால் குரூப்பே நல்லது’ என்று பலரும் நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். காலையில் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் குறித்த நேரத்தில் பஸ்ஸில் இருக்க வேண்டும். 40 பேரின் வேகத்தில் நடக்க வேண்டும். ‘நான் இங்கே உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க’ என்று சொல்லி, பார்க்க வந்ததைப் பார்க்காமல் பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு குரூப்பிலும் உண்டு. வலிக்கும் காலுக்கு வேண்டியது, ‘இன்றைக்கு மதியத்துக்கு மேல் ரூமுக்குப் போய்விடலாம்’ என்று முடிவெடுக்கும் உரிமை. குரூப்பில் அது கிடைக்காது.

நாமே போனால் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் விசா. பிரான்ஸ் உட்பட 29 நாடுகளுக்கு ஒரே ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். போக வர டிக்கெட் முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதியத் தாள் எல்லாம் வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். பேப்பர் வேலை பயமாக இருந்தால், விசாவுக்கு மட்டும் ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம். அதற்காக முழு டூரையும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஊருக்குள் போக்குவரத்து. பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிதான். முட்டி வலிக்காரர்களுக்கு பஸ்ஸே நல்லது. சாய்தளத்தோடு தாழ்வாக இருக்கும், வெளியே வேடிக்கையும் பார்க்கலாம். 69-ம் நம்பர் பஸ் ஈஃபிள் டவர் பக்கத்தில் இருந்து ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர், பஸ்தீய் வழியாகப் போகிறது. ஒரு சாதாரண பஸ் டிக்கெட்டில் ஊரையே பார்த்த மாதிரி. ‘நவிகோ’ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், எந்த நாளில் வாங்கினாலும் அப்படித்தான். அதனால் ஞாயிறு ராத்திரியோ திங்கள் காலையோ போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டால் பாஸ் முழுசாகப் பயன்படும். விமான நிலையத்தில் இருந்து நகருக்கு டாக்ஸிக்கு நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. பெட்டியோடு அலைவதற்கு அது தேவலை. அதிகாரபூர்வ டாக்ஸி வரிசையில் மட்டும் ஏறுங்கள். விமானத்தில் வீல்சேர் உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் இலவசமாகவே தருவார்கள். வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது, விடுமுறை நாட்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சேவுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். ஈஃபிள் டவர் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். லூவ்ரில் 2026 ஜனவரி முதல், நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்கு டிக்கெட்டே கிடையாது. அதற்குப் பணம் கேட்டு வரும் இணையதளங்களை நம்பாதீர்கள்.

நான்காவது, பிக்பாக்கெட். ஈஃபிள் டவர், லூவ்ர், கூட்டமான மெட்ரோ ஆகிய இடங்களில் கவனம். மனுவில் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள், கையில் கயிறு கட்ட வருகிறவர்கள் யாராக இருந்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள். பாஸ்போர்ட் பேன்ட் பின்பாக்கெட்டில் இருக்கக் கூடாது.

பாஷையும் சாப்பாடும்

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பகுதி. நம் ஈழத் தமிழர்கள் அதை ‘லாச்சப்பல்’ என்பார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் கட்டி எழுப்பிய கடைத்தெரு. தமிழ்ப் பெயர்ப்பலகை, மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, தோசையும் வடையும் கிடைக்கும் உணவகங்கள் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி நடக்கும் தேர்த்திருவிழாவில் தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். விமான நிலையத்தில் இருந்து வரும் ஆர்.ஈ.ஆர். பி ரயில் நேராக கார் து நோருக்கே வருகிறது.

சைவச் சாப்பாட்டுக்காகவும் பாஷைக்காகவும் மட்டும் குரூப் டூர் எடுக்கிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம். வழி கேட்க வேண்டுமா, சிம் கார்டு வாங்க வேண்டுமா, தமிழிலேயே கேட்கலாம். ஒன்று மட்டும், அது வேடிக்கை காட்டும் இடம் இல்லை. உழைத்துக் களைத்தவர்கள் நடமாடும் கடைத்தெரு. யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

உங்கள் ரயில் பாதையில் இருந்து பாரிஸுக்கு

சேக்காட்டுக்காரர்களுக்கு பாரிஸில் இன்னொரு உறவும் இருக்கிறது. நீங்கள் ஏறும் அரக்கோணம் மார்க்கத்தில் திருவாலங்காடு ஸ்டேஷன் வருகிறதே, அந்த ஊர் நடராஜர் வெண்கலச் சிலை இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘சிந்தனையாளன்’ சிலை செய்த பிரெஞ்சு சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்து மயங்கி, 1913-ல் சிவ தாண்டவம் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். 1921-ல் அது அச்சில் வந்தது.

ரோடின் அருங்காட்சியகம் பாரிஸில் பெரிய தோட்டத்தோடு இருக்கிறது. திங்கள் விடுமுறை. நிழலில் உட்காரலாம், முட்டிக்கும் நல்லது. ஈஃபிள் டவருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கிமே ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டு நடராஜர் ஒருவரும் இருக்கிறார். அவசர அவசரமாக 6 நாடு பார்க்கும் பேக்கேஜில் இந்த இரண்டையும் தேடினாலும் கிடைப்பது அரிது.

பணக் கணக்கு

பேக்கேஜின் மொத்தத் தொகையை மகன் சொல்லும் மொத்தத் தொகையோடு ஒப்பிடாதீர்கள். பேக்கேஜில் டிப்ஸ், ‘ஆப்ஷனல்’ இடங்கள், சேர்க்காத சாப்பாடு எல்லாவற்றையும் முதலில் கூட்டுங்கள். பிறகு, பாரிஸில் கண் விழித்துச் சுற்றப்போகும் மணி நேரம் எவ்வளவு என்று இரண்டிலும் எண்ணுங்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், பணம் கட்டும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஓய்வூதியர்கூட ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விமான டிக்கெட்டை மட்டுமோ ஹோட்டலை மட்டுமோ தனித்தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

நடுவழி ஒன்று

தங்குவது நம் இஷ்டம், கைடு வேண்டிய இடத்தில் மட்டும். ஈஃபிள் டவருக்கும் படகு சவாரிக்கும் கைடு தேவையே இல்லை. லூவ்ர் அப்படி இல்லை. சுமார் 35,000 படைப்புகள் காட்சிக்கு இருக்கின்றன. தனியாகப் போனால் மோனாலிசாவைத் தேடியே கால் ஓய்ந்துவிடும். அங்கே இரண்டு மணி நேர வழிகாட்டிச் சுற்று எடுங்கள். ஊரைப் பார்க்க, முதல் நாள் ஒரு நடைச் சுற்று போதும். ‘ஃப்ரீ’ என்று விளம்பரம் செய்பவையும் கடைசியில் கைடுக்கு நாமாக ஏதாவது கொடுக்க வேண்டியவைதான்.

ஆக, சேக்காட்டு வாசகிக்கு என் பதில்: பாரிஸ் மட்டும், 7 ராத்திரி. பஸ் ஸ்டாப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள ஹோட்டல். இரண்டு அரை நாள் கைடு. ஒரு நாள் முழு ஓய்வு. சுவிட்சர்லாந்து பனியும் ரோமும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கணவருக்கு நிஜமாகவே ஆசை இருந்தாலோ, திடீர்ப் பிரச்சினையில் போனை எடுத்துப் பேச இருவருக்குமே தைரியம் வராது என்றாலோ, தயங்காமல் குரூப்பிலேயே போங்கள். 6 நாட்டுக்குப் பதிலாக 3 நாடு, பாரிஸில் மூன்று ராத்திரி உள்ள பேக்கேஜாகக் கேளுங்கள்.

எதற்குத் தைரியம் இருக்கிறது என்று வீட்டில் பேசித் தீராது. ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். இந்து காலேஜ் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுங்கள். சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் எழும்பூர் போய், அருங்காட்சியகத்துக்குப் போன் மேப்பைப் பார்த்தே நடந்துபோங்கள். மகனுக்குப் போன் போடக் கூடாது. லூவ்ருக்குச் செவ்வாய் போல இதற்கு வெள்ளி விடுமுறை. அதையும் நீங்களே பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். திருவாலங்காட்டு நடராஜரை நிதானமாகப் பார்த்துவிட்டு, தெரியாத ஒரு ஹோட்டலில் சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புங்கள்.

வழியில் எத்தனை தடவை சண்டை வந்தது, முட்டி எத்தனை மணிக்கு வலிக்க ஆரம்பித்தது, யார் மேப் பார்த்தது, யார் வழி கேட்டது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு டிராவல்ஸுக்குப் போங்கள். அட்வான்ஸ் அதற்கு அப்புறம் கட்டலாம்.