பழைய புல்வெட்டியும் மும்முனை இணைப்பும்

பண்ணைக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் பழைய புல்வெட்டியைப் பழைய இரும்பாக விற்பதா, டிராக்டரில் பொருத்திப் பயன்படுத்துவதா என்னும் வினா எழுமாயின், பின்னதே சிக்கனம் எனப் பலர் கூறுவர். அக்கருத்து ஏற்கத்தக்கதே. எனினும், மூன்று ஊசிகளை மாட்டியவுடன் மாற்றியமைப்பு முடிந்துவிட்டது எனக் கருதுவது பெரும் பிழையாகும்.

ஹாரி பெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற மும்முனை இணைப்பு, கீழிரு கைகளாலும் மேற்கோல் ஒன்றாலும் கருவியை டிராக்டரோடு ஒன்றாக்குகிறது. இதன் முதல் வகையில் கீழ் ஊசிகள் 22 மில்லிமீட்டரும் மேல் ஊசி 19 மில்லிமீட்டரும் தடிப்புடையவை. இவ்வளவுக்கு ஏற்பச் சட்டம் அமைப்பது பற்றவைப்புப் பட்டறைக்கு அரிய செயலன்று. அரியது விசையைச் செலுத்தும் முறையே.

விலங்குகள் இழுத்த புல்வெட்டியில் தரைச் சக்கரமே கத்தியை இயக்கிற்று. சக்கரத்தின் விட்டம் 75 சென்டிமீட்டர் எனவும், அது ஒருமுறை சுழலக் கிராங்கு 25 முறை சுழலும் எனவும் கொள்ளலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் நடையில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 28 சுற்றும், கிராங்கு சுமார் 700 சுற்றும் சுழலும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டின் வழக்கமான வேகமோ 540 சுற்று. அதனைச் சக்கர அச்சில் நேரே இணைப்பின் பற்சக்கரங்கள் சிதறும். ஆதலின் அவற்றை விலக்கி, ஏறத்தாழ 1.3 மடங்கு வேகம் கூட்டும் கப்பிகளும் பெல்ட்டும் கொண்டு கிராங்கு அச்சையே இயக்குதல் வேண்டும். பள்ளி மாணவர்க்கும் இஃது நல்ல கணக்காகும்.

கணக்கினும் முதன்மையானது உயிர்க்காப்பு. முன்பு விலங்குகள் நின்றால் கத்தியும் நின்றது. இப்பொழுது டிராக்டர் நின்றாலும் கத்தி ஓடும். சிக்கிய புல்லை நீக்கக் கைநீட்டுபவர் பழைய பழக்கத்தை நம்பின் விரல்களை இழப்பர். மறைவற்ற தண்டு வேட்டி நுனியைச் சுருட்டி இழுக்கும். கல்லில் மோதினால் விலங்கு தயங்கி நிற்கும், டிராக்டர் நில்லாது. கதிரடிக்கும் இயந்திரங்களால் உழவர் பலர் கையிழந்ததே 1983-ஆம் ஆண்டின் அபாயகரமான இயந்திரங்கள் (முறைப்படுத்தல்) சட்டத்துக்கு வழிகோலிற்று என்பதை மறத்தலாகாது.

இக்காப்புகள் செலவைக் கூட்டும் என்பது உண்மையே. அச்செலவுக்கு இயலாதவர், புல்வெட்டியை அதன் சக்கரங்களிலேயே விட்டு, இழுகோலைக் குறுக்கி, டிராக்டரின் பின்னே நடைவேகத்தில் இழுத்தல் நன்று. தூக்குகோலை இயக்க மற்றோர் ஆள் வேண்டும். எனினும் அரைகுறை மாற்றியமைப்பினும் அதுவே மேல்.

1955-இல் டிராக்டர் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பட்ட மத்தியப் பிரதேசத்துப் புத்னி நிலையம் போன்றவை தொழிற்சாலைகளின் இயந்திரங்களைச் சோதிக்கின்றன. பட்டறையில் உருவான ஒற்றை இயந்திரமோ அத்தகைய சோதனைக்குச் செல்வது அரிது. அதனைச் சோதிக்கும் பொறுப்பு களப்பணியாளரையும் ஆசிரியரையுமே சாரும். தண்டுக்கு மூடி உண்டா? மோதினால் வெட்டுச் சட்டம் பின்வாங்கும் விற்பூட்டு உண்டா? ஓட்டுநர் இறங்குமுன் பி.டி.ஓ.-வை நிறுத்துகிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும்வரை, எத்துணைச் சிக்கனமாயினும் அவ்வியந்திரம் வயலுக்குச் செல்லலாகாது.