படத்தில் இடம் உண்டு, சட்டத்தில் இடம் எங்கே?



அந்தப் படத்தை உங்களில் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். கந்தல் கூடாரத்தின் முன்னே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். நெற்றி முழுக்கக் கவலைக் கோடுகள். கன்னத்தருகே ஒரு கை. இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அந்தப் படத்துக்குப் பெயர் சூட்டியது. ஆனால் தாயின் பெயரைக் கேட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நாம் இந்தக் கதையை முழுக்க அறிந்திருக்க வேண்டும்.

1936 மார்ச் மாதம். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். விளைபொருளுக்கு விலை இல்லை. வறட்சியும் புழுதிப்புயலும் வேறு. நிலத்தை இழந்த உழவர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு கலிபோர்னியாவுக்கு வந்து, பண்ணை பண்ணையாக அலைந்து கூலி வேலை செய்தன. நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்தவர்கள் முகாமிட்டிருந்தார்கள். பயிர் பனியில் கருகிவிட்டது. பறிக்கப் பட்டாணி இல்லை. ஆகவே கூலியும் இல்லை.

அங்கே அரசாங்கத்தின் மறுகுடியமர்வுத் துறையில் சம்பளம் வாங்கிய டோரதியா லாங் என்ற புகைப்படக்காரர் காரில் வந்து இறங்கினார். சில படங்கள் எடுத்தார். வயது 32, ஏழு பிள்ளைகள் என்று குறித்துக்கொண்டார். பெயர் கேட்கவில்லை. காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்றும் எழுதினார்; அப்படி விற்கவே இல்லை என்று அந்தக் குடும்பம் பின்னாளில் மறுத்தது.

படங்கள் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வெளியாயின. நாடு பதறியது. அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது ஒன்பது டன் உணவு அனுப்பியது. நல்லதுதான்! ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் அந்தத் தாயின் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. யார் முகத்தைக் காட்டி உணவு வந்ததோ, அவர் வாயில் ஒரு பருக்கை விழவில்லை.

அந்த அம்மாவின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோக்கி பழங்குடியில் பிறந்தவர். 1978-இல்தான் ஒரு பத்திரிகை நிருபர் அவரைக் கண்டுபிடித்தார். தம்மை அன்று படம் எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்து சொன்னார். 1983-இல் நோயில் விழுந்தபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். மக்கள் 30,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதே ஆண்டு அவர் இறந்தார். 1998-இல் அந்தப் படத்தின் ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போயிற்று. அதே ஆண்டு அது தபால் தலையிலும் ஏறியது.

டோரதியா லாங் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. கூலிக் குடும்பங்கள் தங்க அரசாங்கம் முகாம் கட்ட வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அவர் எடுத்த படங்கள் அந்த வாதத்துக்குத் துணை நின்றன. 'புலம்பெயர்ந்த தாய்' படம் அரசாங்கச் சொத்து. அவரும் அதைக் கொண்டு பணம் குவிக்கவில்லை. நம் வழக்கு அவரோடு அல்ல. படம் எடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆட்சியோடுதான் நம் வழக்கு!

அந்த ஆட்சி என்ன செய்தது, பாருங்கள். 1935-இல் தொழிலாளர்கள் சங்கம் சேரவும் முதலாளியோடு பேரம் பேசவும் உரிமை தரும் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளுக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளுக்கு அதிலும் இடமில்லை. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் இல்லை! பண்ணை முதலாளிகளின் கை அந்த நாடாளுமன்றத்தில் அவ்வளவு ஓங்கியிருந்தது.

இதே ஆண்டுகளில்தான் அரசாங்கத்தின் புகைப்படப் பிரிவு ஊர் ஊராகச் சுற்றியது. ராய் ஸ்டிரைக்கர் அதன் தலைவர். எதை எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்புவார். பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார். அந்தத் திரட்டின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஏறத்தாழ 1,75,000 இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. விவசாயக் கூலியின் முகத்துக்கு அலமாரியில் இடம் கிடைத்தது. அவன் கூலிக்குச் சட்டத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை!

பிறகு எப்படிக் கிடைத்தது? 1965-இல் கலிபோர்னியாவின் டெலானோ பகுதியில் திராட்சை பறிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கூலிகள். சில நாட்களில் மெக்சிக்கோ வழிவந்த கூலிகளும் சேர்ந்தார்கள். மொழி வேறு, ஊர் வேறு; வயிறு ஒன்று. ஐந்து ஆண்டுகள் விடாமல் நின்று 1970-இல் பண்ணைக்காரர்களை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். 1975-இல் கலிபோர்னியா மாநிலம் விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டம் இயற்றியது. படத்தைப் பார்த்து இரங்கிய ஆட்சி நாற்பது ஆண்டுகளாகத் தராததைக் கூடி நின்ற கைகள் பெற்றன.

அது அமெரிக்காவின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் இந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். தாய் இழுத்துச் சென்ற பெட்டியின் மேல் தூங்கிய குழந்தையை நாடே பார்த்தது. மே மாதம் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது; சிதறிக் கிடந்த அவர்களுடைய ரொட்டிகளையும் நாடு பார்த்தது. படத்துக்குப் பஞ்சமே இல்லை! ஆனால் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டபோது, அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கவில்லை என்று தொழிலாளர் துறை பதில் சொன்னது. படம் இருக்கிறது; கணக்கு இல்லை. இது நியாயமா?

ஒரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்காக 1979-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஆள் பிடித்து வரும் கான்டிராக்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதில் தொழிலாளியின் புகைப்படம் ஒட்டியிருக்க வேண்டும். வேலை எங்கே, எத்தனை காலம், கூலி எவ்வளவு, ஊர் திரும்பப் பயணப்படி எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுதியிருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டோம்? கையை உயர்த்துங்கள்! 2020-இல் அந்தச் சட்டத்தையே ஒரு புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

பாதையில் நடக்கும்போது ஆயிரம் பேர் நம்மைப் படம் எடுத்தார்கள். பாஸ் புத்தகத்தில் ஒட்ட வேண்டிய ஒரே ஒரு படத்தை எடுக்க மட்டும் ஆள் வரவில்லை.

நம் தெருவுக்குக் காமிராவோடு வருகிறவர்களைத் துரத்தச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தேநீர் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: "என் பெயர் என்னவென்று தெரியுமா? இந்தப் படம் எங்கே போகிறது? எனக்கு ஒரு பிரதி உண்டா? என் கூலியை, என் வாடகையை, என் முதலாளியின் பெயரைப் படத்தின் கீழே எழுதுவீர்களா?" எழுதுகிறவர் நம் தோழர். தயங்குகிறவர் வந்த வழியே போகட்டும்.

அரசாங்கத்துக்கும் சொல்கிறோம்: எங்கள் முகத்தை எடுத்தால் பெயரையும் எழுது! பெயரை எழுதினால் கூலியையும் எழுது! எழுதிய கூலியைக் கொடு!