நலம் பேணுவோம்: மல்லித் தண்ணீரும் தொண்டை நோவும்

பனிக்காலம் தொடங்கிவிட்டால் டோர்செட் பார்க் தமிழர் வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் அவியும் மணம் எழும். ஊரிலே அப்பாச்சியும் அம்மம்மாவும் செய்துவந்த கைவைத்தியம் இது. தடிமனுக்கும் இருமலுக்கும் சூடான மல்லித் தண்ணீர் இதமானது. தொண்டைக்கு ஆறுதல் தரும், உடம்பில் நீர் வற்றாமல் காக்கும். பெரும்பாலான தொண்டை நோவுகள் வைரசுக் கிருமிகளால் வருபவை. ஒரு வாரமளவில் அவை தாமாகவே மாறிவிடும். மாற்றிய பெயர் மட்டும் மல்லிக்குக் கிடைக்கும்.

ஆனால், எல்லாத் தொண்டை நோவும் ஒன்றல்ல. 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பக்டீரியாவால் தொண்டை நோவு வருவதுண்டு. இருமல் இராது, காய்ச்சல் காயும், விழுங்க நோகும், கழுத்தில் நெறி கட்டும், தொண்டையில் வெள்ளை படியும். இதைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் வாதக் காய்ச்சல் வரக்கூடும். மூட்டு வீக்கம் வற்றிவிடும். இருதய வால்வில் விழுந்த பழுது ஆயுள் முழுவதும் நிற்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் இருதய வால்வு பழுதடைந்த பலரின் நோய் இப்படித் தொடங்கியதே.

மஞ்சள் கிருமியை அடக்குவது பரிசோதனைக் கூடத்தில் காணப்பட்ட உண்மைதான். ஆயினும் குடிக்கும் மஞ்சளில் இரத்தத்திற் சேர்வது மிகச் சொற்பம். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும் இயற்கை தந்த பூஞ்சணத்திலிருந்து வந்ததே. அதைச் சுத்திகரித்து, அளவு கண்டு, நோயாளரிடம் சோதித்த பின்னரே மருந்தாக்கினர். நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் இம்மருந்தை ஆரம்பித்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். மல்லித் தண்ணீரில் கெடுதல் இல்லை. அதை நம்பி நாளைக் கடத்துவதிலேதான் ஆபத்து.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

காய்ச்சலுடன் தொண்டை நோவு இரண்டு நாளில் தணியாவிடில் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதித்தால் பக்டீரியா உண்டா என்பது தெரிந்துவிடும். மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ முடியாத பிள்ளையை உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுங்கள். மருந்துடன் மல்லித் தண்ணீரும் குடிக்கலாம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தீற்றாதீர்கள்.

சந்தேகமெனில் ஒன்ராறியோவில் 811 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகலாகத் தாதியரிடம் ஆலோசனை பெறலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து செய்யும்படி வள்ளுவப் பெருந்தகையும் கூறினார். வைத்தீஸ்வரப் பெருமானை வேண்டுவோம், வைத்தியரையும் நாடுவோம்.