சாரணர் சின்னங்களில் கிணறும் கண்மாயும் இடம்பெறட்டும்

அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2025இல் செயற்கை நுண்ணறிவுக்கும் இணையப் பாதுகாப்புக்கும் புதிய தகுதிச் சின்னங்களைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் சாரணியர் அமைப்போ 2018இலேயே செயலி வடிவமைப்பு, காணொளிப் பதிவு என்று தன் சின்னங்களைப் பெருமளவு மாற்றிவிட்டது. பாரத சாரண சாரணியர் இயக்கத்துக்கும் புதிய சின்னங்கள் வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவற்றுக்கான பட்டியலை வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. எழுமலை போன்ற ஊர்களில் பிள்ளைகளின் உயிருக்கு உலை வைப்பவை எவையோ, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எழுமலை. மழையை நம்பிய மானாவாரி நிலம், கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகள், மண் அள்ளியதால் திடீர்ப் பள்ளம் விழுந்த கண்மாய்கள் ஆகியவை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வளரும் இடங்கள். கோடை விடுமுறை வந்தால் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துத்தான் நீச்சல் பழகுகிறார்கள். சொல்லித்தர அண்ணனோ மாமாவோ கூட இருந்தால் நல்லது. யாரும் இல்லாதபோதுதான் விபரீதம் நடக்கிறது. தத்தளிப்பவனைக் காப்பாற்றக் கூட்டாளி குதிக்கிறான், மூச்சுக்குத் திணறுகிறவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், இருவரும் மூழ்குகிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வருகிற செய்தி இது. குதிக்காதே, கயிற்றை வீசு, கயிறில்லாவிட்டால் சேலையையோ வேட்டியையோ வீசு என்பதைப் பத்து முறை செய்து பழகிய பிள்ளை பதற்றத்திலும் அதையே செய்யும்.

அடுத்தது பாம்புக்கடி. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் வயல்வெளிகளில் நடமாடுபவை. கடிபட்டவருக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டுவது, கடிவாயைக் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாமே கேடு. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். நாட்டு வைத்தியம், மந்திரிப்பு என்று கரையும் நேரம் உயிரின் விலை. வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பயப்படாமல் எடுத்துச் சொல்லும் எட்டாம் வகுப்புச் சாரணிக்கு ஒரு சின்னம் தரலாம். அது அவளுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே பயன்படும்.

நீச்சலும் முதலுதவியும் சாரணர் பாடத்தில் ஏற்கெனவே உள்ளவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பாடத்தில் இருப்பது வேறு, உள்ளூர் ஆபத்தைக் கையாளத் தெரிவது வேறு. சோபான் எனப்படும் பயிற்சி நிலைகளைக் கடந்து ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார், பிறகு குடியரசுத் தலைவர் விருது என்று ஏறுகிற பிள்ளைகளுக்கு இரயில்வேயின் சாரணர் ஒதுக்கீட்டு வேலைவாய்ப்பும் ஒரு பெரிய ஈர்ப்பு. ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்காக விருதை நாடுவதில் தவறே இல்லை. அந்த விருதுக்கான தேர்வு, பதிவேட்டை நிரப்புவதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் வாதம்.

இப்படி உள்ளூருக்கேற்ப மாற்றுவது சாரணியத்துக்குப் புறம்பானது அல்ல. 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்தக் கதவைத் திறக்க அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்காகவே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 2025 தொடக்கத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா பெருந்திரளணி தமிழ்நாட்டின் மணப்பாறையில் நடந்தது. நாடு முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பிள்ளைகள் கூடினார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை நடத்திக் காட்டிய மாநிலத்தால், தன் கிராமங்களுக்கென்று இரண்டு சின்னங்களை வடிவமைக்க முடியாதா?

கணினிச் சின்னம் வேண்டாம் என்பதல்ல. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவனிடம் ஏமாந்த பாட்டிக்கு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்துத் தரத் தெரிந்த பேரனும் சாரணன்தான். அதுவும் அவள் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்கும் பாடமாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாவட்டச் சங்கம் உசிலம்பட்டி தீயணைப்பு வீரர்களை நீர் மீட்புக்கும், அரசு மருத்துவர்களைப் பாம்புக்கடி முதலுதவிக்கும் தேர்வாளர்களாக அழைக்க வேண்டும். சீருடைக்கும் முகாமுக்கும் ஆகும் செலவைக் கூலிவேலை செய்யும் பெற்றோர் தலையில் சுமத்தாமல் கல்வித்துறை ஏற்க வேண்டும். சாரண ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தர வேண்டும். அவர்களே கயிறு வீசிப் பழகாமல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாது. அடுத்த முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக் கதவு சாத்தப்படுவதற்கு முன்பே முதல் பயிற்சி முகாம் எழுமலையில் நடக்க வேண்டும். விடுமுறையின் முதல் நாளே பிள்ளைகள் கிணற்றடிக்குப் போய்விடுவார்கள்.